நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நிற்பவர்

இது நடந்தபோது நான் அந்தக் கல்லூரியில் சேர்ந்திருக்கவில்லை. எனக்கு இதைச் சொன்னவர் செந்தூர்க்கனி அக்கா. தத்துவத் துறை நூலகத்தில் உதவியாளராக இருக்கிறார். அவரும் நேரில் பார்க்கவில்லை, கேட்டார். அவருடைய மேசைக்கும், அங்கே தத்துவம் கற்பித்த எமிமாள் மேடத்தின் அறைக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் உண்டு. அது கூரை வரை போகாது.

"ஒளிஞ்சு நின்னு கேட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ஒளியதுக்கு எனக்கு எங்க இடம்? உக்காந்த இடத்துல காது இருந்துச்சு. கேட்டுச்சு" என்றார்.

ஆகவே இதில் முகங்கள் குறைவு. குரல்கள்தான் அதிகம். அக்கா உறுதியாகச் சொன்னதை எழுதுகிறேன். அவருக்குத் தெரியாத இடத்தில் நானாக எதையும் சேர்க்கவில்லை. ஒன்றிரண்டை மட்டும் பிறகு நானே போய்ப் பார்த்தேன்.

பலவேசம் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேன் ஆனவர். அஞ்சல் வழியில் பி.ஏ.வும் எம்.ஏ.வும் முடித்தார். நாற்பத்தேழாம் வயதில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டி தேடி வந்தார். இரண்டு பேராசிரியர்கள் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர், "ரிட்டயர்மெண்டுக்குப் பொழுதுபோக்கா?" என்று கேட்டாராம்.

எமிமாள் மேடம் எடுத்துக்கொண்டார். அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது.

முதல் நாள் பலவேசம் நின்றுகொண்டே சொன்னார்: "மேடம், எனக்கு இங்கிலீஷ் மெதுவாத்தான் வரும்."

"எனக்கு ஜெர்மன் மெதுவாத்தான் வரும், அண்ணாச்சி. உக்காருங்க."

எட்டு வருடமும் மேடம் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார். அவர் மேடத்தை மேடம் என்றுதான் கூப்பிட்டார்.

வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு வருவார். பையில் கட்டிங் பிளேயர் இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், வாய்விட்டுப் படிக்க வேண்டும். கம்பத்தில் ஏறி இறங்கிய உடம்பு. சில நாள் படித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். மேடம் எழுப்ப மாட்டார். அவர் விட்ட வரியிலிருந்து தானே வாய்விட்டுப் படித்துக்கொண்டிருப்பார். விழித்ததும் பலவேசம் அந்த இடத்திலிருந்து தொடர்வார். எந்த இடம் என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. தூக்கத்திலும் காது திறந்திருந்தது என்பார் அக்கா.

ஆய்வு இரண்டு ஜெர்மானியத் தத்துவ அறிஞர்களைப் பற்றியது. அவர்கள் பெயர்களைத் தமிழில் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள். துறையில் எல்லாரும் பெரியவர், சின்னவர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெரியவர் சொன்னது இது. உலகத்தின் அடியில் இருப்பது ஒரே வேட்கை. கல் விழுவதும், வேர் தண்ணீரைத் தேடுவதும், மனிதன் ஆசைப்படுவதும் அது ஒன்றேதான். அதற்குக் கண் இல்லை. போய்ச்சேர வேண்டிய இடமும் இல்லை. கேட்டது கிடைத்தாலும் தணியாது. அதனால்தான் வாழ்வு துன்பமாக இருக்கிறது. அந்த வேட்கை அடங்கி அமைதியாவதே விடுதலை.

சின்னவர் இதைப் படித்துத்தான் தத்துவத்துக்குள் வந்தார். அறிவு எஜமான் இல்லை, அடியில் கிடக்கும் வேட்கைதான் எஜமான் என்பதை எடுத்துக்கொண்டார். துன்பம் உண்மை, அதற்கு மேலிருந்து யாரும் காரணம் எழுதி வைக்கவில்லை என்பதையும் எடுத்துக்கொண்டார். அமைதியாகிவிடு என்பதை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. இதே வாழ்க்கை, இதே வலியோடு, மறுபடி மறுபடி வந்தாலும் 'ஆம், வரட்டும்' என்று உன்னால் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

எமிமாள் மேடம் தன்னுடைய இருபத்தொன்பதாம் வயதில் இந்த இருவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதில் ஒரு வரி மாணவர்களுக்கு மனப்பாடம்: 'பெரியவர் கட்டிய வீட்டிலேயே சின்னவர் குடியிருந்தார்; வாசலை மட்டும் எதிர்ப்பக்கம் வைத்தார்.' வேறு ஐந்து கல்லூரிகளிலும் அந்தப் புத்தகம் பாடமாக இருந்தது. பலவேசம் தன் வாழ்நாளில் படித்த முதல் தத்துவப் புத்தகம் அதுதான். பழுப்புத் தாளில் அட்டை போட்டு, துணை மின்நிலையத்தில் உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டுத்தான் மேடத்தைத் தேடி வந்தார்.

ஏழாவது வருடம் அவருக்கு ஒன்று தெரிந்தது. அந்த வரி தவறு.

மாறியது வாசல் மட்டும் இல்லை. வீடே வேறு.

நான்காம் அத்தியாயத்தில் ஒன்பது பக்கம் அதை எழுதினார். ஆனால் நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இப்படி எழுதினார்: 'சின்னவர் பெரியவரின் வீட்டிலேயே குடியிருந்தார் என்பாரும் உளர். அது பொருந்தாது.'

பழைய உரைகாரர்களிடம் இந்த வழக்கம் உண்டு. மறுக்கப்படுபவரின் பெயரைச் சொல்லாமல், அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மறுத்துவிடுவார்கள். பலவேசம் அதை மரியாதை என்று நினைத்தார். அந்த ஆய்வேட்டில் முந்நூற்றுப் பதினோரு அடிக்குறிப்புகள். எல்லாவற்றிலும் பெயரும் பக்கமும் உண்டு. இந்த ஒரு வரிக்கு மட்டும் அடிக்குறிப்பு இல்லை.

முழு ஆய்வேட்டையும் மேடத்திடம் கொடுத்தார். சில நாள் கழித்துத் திரும்பி வந்தது. எங்கும் ஒரு திருத்தமும் இல்லை. நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் 'என்பாரும் உளர்' என்பதைச் சுற்றி மட்டும் பென்சிலில் ஒரு வட்டம்.

பலவேசம் யோசித்தார். நடை பழசாக இருக்கிறது போலும் என்று, 'சிலர் கருதுகின்றனர்' என்று மாற்றிக் கொடுத்தார்.

திரும்பி வந்தது. 'சிலர்' மேல் வட்டம்.

அன்று அவர் நூலகத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அக்கா டீ கொடுத்தார். ஆறிப்போனது.

"என்ன அண்ணாச்சி, யாரும் கம்பத்துலருந்து விழுந்துட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான்தாம்மா விழுந்துட்டேன்" என்றாராம்.

அவருக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, பதிவுக் காலம் மார்ச் இருபதோடு முடிகிறது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனிக் கிடையாது. வழிகாட்டியின் சான்றில் மேடம் கையெழுத்துப் போடாவிட்டால் எட்டு வருடமும் போயிற்று. இன்னொன்று, அடுத்த மாதம் மேடத்துக்குப் பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்காணல். கொண்டுபோக வேண்டியவற்றின் பட்டியலை அக்காதான் தட்டச்சு செய்தார். முதல் வரிசை எண்ணில் அந்தப் புத்தகம்.

வட்டத்துக்கு அர்த்தம் புரிந்துவிட்டது என்று பலவேசம் நினைத்தார். ஒன்பது பக்கத்தையும் எடுத்துவிட்டார்.

மார்ச் பத்தொன்பது. மதியம் மூன்று மணி இருக்கும். புதிதாக அச்செடுத்த ஆய்வேட்டோடு மேடத்தின் அறைக்குப் போனார். அக்கா இந்தப் பக்கம் இருப்புப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார்.

பக்கங்கள் புரளும் சத்தம். பிறகு மேடத்தின் குரல்.

"ஒன்பது பக்கம் குறையுது, அண்ணாச்சி."

"ஆமா மேடம்."

"ஏன்?"

"தேவையில்லன்னு பட்டுச்சு. எடுத்துட்டேன்."

"யாருக்குத் தேவையில்ல?"

 

"நீங்க வட்டம் போட்டீங்க. மாத்துனேன். மறுபடியும் வட்டம் போட்டீங்க" என்றார் பலவேசம். "வாயத் திறந்து சொல்லத் தயங்குதீங்கன்னு எனக்குப் புரிஞ்சுட்டு மேடம். அதான் நானே எடுத்துட்டேன்."

"என்ன புரிஞ்சுது?"

"அது அங்க இருக்கக் கூடாதுன்னு."

இழுப்பறை திறக்கும் சத்தம். தாள்களை மேசையில் வைக்கும் சத்தம்.

"இந்தா இருக்கு ஒன்பது பக்கமும். முதல்ல கொடுத்ததுல இருந்து பிரதி எடுத்து வச்சிருக்கேன்."

தாள்கள் புரண்டன.

"அண்ணாச்சி, லைன்ல ஏறுறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

"எது மேடம்?"

"கம்பத்துல. வேலைக்கு ஏறுறதுக்கு முன்னாடி."

"அது இப்ப எதுக்கு மேடம்?"

"எனக்குத் தெரியாது. சொல்லிக் கொடுங்க."

பலவேசம் தொண்டையைச் செருமினார். அந்தக் குரல் மாறியது என்பார் அக்கா. தெரிந்த தெருவுக்குள் நுழைந்த மாதிரி.

"எல்.சி. வாங்கணும் மேடம். லைன் கிளியர்னு சொல்லுவோம். சப்ஸ்டேஷன்ல போய் எழுதிக் கொடுக்கணும். அவன் லைன ஆஃப் பண்ணிட்டு, இன்னாருக்குக் கொடுத்திருக்கேன்னு ரிஜிஸ்தர்ல எழுதிக் கையெழுத்து வாங்குவான். அதுக்குப் பிறகு இங்க வந்து, மிச்சக் கரண்டு தரைக்குப் போக எர்த் ராடப் போட்டுட்டுத்தான் கம்பியில கை வைக்கணும்."

"வேலை முடிஞ்சதும்?"

"யாரு வாங்குனானோ அவன்தான் திருப்பிக் கொடுக்கணும். வேற எவன் வந்து சொன்னாலும் லைனப் போட மாட்டாங்க. மந்திரியே வந்து நின்னாலும் போடக் கூடாது."

"ரிஜிஸ்தர்ல என்ன எழுதுவாங்க?"

"பேரு. பதவி. நேரம்."

"'லைன்ல சிலர் இருக்காங்க'ன்னு எழுதினா?"

பலவேசம் சிரித்துவிட்டார். "அப்படி எழுதுனா அன்னைக்கே ஒரு பொணம் விழும். யாருன்னே தெரியாதவன் எறங்கிட்டானா, மேலயே நிக்கானான்னு எப்படித் தெரியும்?"

"அப்ப பேர எழுதுறது அந்த ஆளக் காட்டிக் கொடுக்கவா?"

"காட்டிக் கொடுக்கவா? காப்பாத்த மேடம்."

சொன்ன பிறகு அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

மேசையின் மேல் ஒரு தாள் நகர்ந்தது. மேடம் கேட்டார்:

"நூத்தி நாப்பத்திரண்டாம் பக்கம். இங்க ஒருத்தர் மேல நிக்காங்க. யாரு அண்ணாச்சி அது?"

இந்த இடத்தில் அக்கா எப்போதும் கொஞ்சம் நிறுத்துவார். நான் மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்று முறையும் நிறுத்தினார். அந்த நேரம் இருப்புப் பதிவேட்டில் பேனாவை வைத்தபடியே இருந்தாராம். மை ஊறி ஒரு பொட்டு ஆகிவிட்டது. அந்தப் பொட்டை எனக்குக் காட்டினார்.

"நீங்கதான் மேடம்" என்றார் பலவேசம்.

"எழுதுங்க."

"மாட்டேன் மேடம்."

எட்டு வருடத்தில் அவர் மேடத்திடம் அந்தச் சொல்லைச் சொன்னது அன்றுதான்.

"ஏன்?"

"உங்க புஸ்தகத்தப் படிச்சுட்டுத்தான் நான் இந்த வாசலுக்கு வந்தேன். ரெண்டு பேரு வேண்டாம்னு சொன்ன ஆள உக்காருன்னு சொன்னீங்க. நான் தூங்கிட்டாலும் எனக்காகப் படிச்சீங்க. அடுத்த மாசம் உங்களுக்கு நேர்காணல். அங்க உக்காந்திருக்கவன் எவனாவது இதக் கையில வச்சுக்கிட்டு, 'உங்க மாணவனே உங்களத் தப்புங்கானே'ன்னு கேட்டா?"

"கேட்டா?"

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணுனவன் ஆயிருவேன் மேடம்."

"நீங்க எழுதினது சரியா, தப்பா?"

"சரின்னுதான் நினைக்கேன்."

"நினைக்கேனா?"

"சரி மேடம். அது சரிதான்" என்றார்.

"அப்ப சொல்லுங்க. எழுத்துல படிச்சுட்டேன். வாயால சொல்லுங்க. எனக்கு."



"காக்கா ஒத்தக் கம்பியில உக்காந்திருக்கும், பாத்திருப்பீங்க. பதினோராயிரம் வோல்ட்டு. ஒண்ணும் ஆகாது. நாள் பூரா உக்காந்து றெக்கையக் கோதிக்கிட்டு இருக்கும். றெக்கைய விரிச்சு அடுத்த கம்பியத் தொட்டுச்சுன்னா முடிஞ்சது. வேலைக்குச் சேந்த புதுசுல, கரண்டுங்கது கம்பிக்குள்ள ஒளிஞ்சு கெடக்குன்னுதான் நானும் நினைச்சேன். அப்படி இல்ல மேடம். ஒத்தக் கம்பிய மட்டும் வச்சுக்கிட்டு ஒரு பல்பு எரிக்க முடியாது. ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசந்தான் வேலையச் செய்யுது."

"ம்."

"பெரியவர் சொன்ன வேட்கை, கம்பிக்குள்ள ஒளிஞ்சு கெடக்குத கரண்டு. உலகம் பூரா அது ஒண்ணுதான். சின்னவர் ஆரம்பத்துல அத அப்படியே எடுத்துக்கிட்டாரு. நீங்க எழுதுனது அதுவரைக்கும் சரி. பிறகு அவரு, ஒண்ணுன்னு சொல்லுத அந்த வேட்கையே கிடையாதுன்னுட்டாரு. அது ஒரு பேருதான், இருக்கதெல்லாம் ஒண்ண ஒண்ணு இழுக்குத, தள்ளுத பல வேகந்தான்னுட்டாரு. எதுத்து நிக்க ஒண்ணு இல்லன்னா வேகமே கிடையாது. அதனாலதான் மேடம் அடங்கிப் போறது அவருக்கு விடுதலையாத் தெரியல. வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு வாசல மாத்தல. அஸ்திவாரத்தத் தோண்டிப் பாத்தாரு. அங்க ஒண்ணு இல்ல, பல இருந்துச்சு."



"என் புத்தகத்துல அது எந்த இடத்துல தவறிச்சு?" என்று மேடம் கேட்டார். சோதிக்கிற குரல் இல்லை. உண்மையாகவே கேட்டார் என்பார் அக்கா.

"அறுபத்தோராம் பக்கம் மேடம். சின்னவர் முதல்ல எழுதுனதையும் பதினாலு வருசம் கழிச்சு எழுதுனதையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கீங்க. ரெண்டுலயும் ஒரே சொல்லு வருது. ஒரே சொல்லுதானேன்னு தாண்டிப் போயிட்டீங்க."

"நீங்க?"

"நான் மெதுவாத்தான மேடம் படிப்பேன்."

மேடம் சிரித்தார். சின்னச் சிரிப்பு.

"உங்க நன்றியுரையில என் பேரு எத்தன தடவ வருது?"

பலவேசத்துக்கு அது எண்ணாமலே தெரிந்திருந்தது. "ஏழு தடவ."

"இங்க?"

தாளில் விரல் தட்டும் சத்தம்.

"சின்னவர் எப்படிப் பெரியவர்கிட்ட வந்தார், தெரியுமா?"

"பழைய புஸ்தகக் கடையில மேடம். நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

"இருபத்தோரு வயசு. யாரு எழுதினதுன்னு தெரியாமலே கையில எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய், ரெண்டு வாரம் சரியாத் தூங்கலை. ஒன்பது வருஷம் கழிச்சு, என் ஆசான்னு அவர் பேரச் சொல்லியே ஒரு நீளமான கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையில ஆசானோட கொள்கை அதிகம் இல்ல. ஆசானா ஒருத்தர் நிக்கிற விதந்தான் இருக்கு. அத எழுதும்போதே ஆசான் சொன்னதுல தனக்கு நம்பிக்கை போயிருந்துச்சுன்னு பின்னாடி அவரே எழுதி வச்சிட்டார்."

"அப்ப அந்தக் கட்டுரை பொய்தான மேடம்?"

"உங்களுக்கு எப்படித் தோணுது?"

பலவேசம் யோசித்தார். "பொய்யா இருந்தா, பின்னாடி வந்து அதச் சொல்லியிருக்க மாட்டாரு."

"நன்றி சொன்னப்பவும் பேரச் சொன்னார். இல்லைன்னு சொன்னப்பவும் அதே பேரச் சொன்னார்."

பேனாவின் மூடியைக் கழற்றும் சத்தம். அதை மேசையில் வைத்துத் தள்ளும் சத்தம்.

பலவேசம் அதை எடுத்த மாதிரித் தெரியவில்லை. நாற்காலி ஒருமுறை முனகியது.

"உங்களுக்கு வருத்தம் இல்லியா மேடம்?"

"இருந்துச்சு. இல்லன்னு சொன்னா பொய். ரெண்டு நாள் இருந்துச்சு."

"பிறகு?"

 மேடத்தின் குரல் தாழ்ந்தது. ஜெபத்தில் சிலர் பேசுவது போல இருந்தது என்றார் அக்கா.

"பெரியவர் செத்து அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் அந்தப் பையன் அந்தக் கடைக்குள்ள போனான். தான் எழுதின ஒவ்வொரு வரியிலயும் ஒருத்தன் நடந்து பாத்து, கடைசி வரைக்கும் வந்து, 'இல்ல'ன்னு சொன்னத அவர் கேக்கவே இல்ல. நான் உயிரோட இருக்கேன், அண்ணாச்சி. எதுக்க உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். எழுதுங்க."

பேனா தாளில் உரசியது. ரொம்ப நேரம் ஆகவில்லை. ஒரு பெயர் எழுதுகிற நேரந்தான். பிறகு அந்த அறையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். யார் என்று அக்காவுக்குத் தெரியாது.

மேடம் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார் போலிருக்கிறது.

"இனிஷியலையும் போடுங்க, அண்ணாச்சி. பாளையங்கோட்டையில தெருவுக்கு நாலு எமிமாள் இருக்காங்க. மேல நிக்கிறது யாருன்னு தெரியணும்ல."

அதற்குப் பலவேசம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. இனிஷியலப் போட்டாரு" என்றார் அக்கா.

வழிகாட்டியின் சான்றில் மேடம் அன்றே கையெழுத்துப் போட்டார். பலவேசம் ஒன்பது பக்கத்தையும் எடுத்துக்கொண்டு டி.டி.பி. கடைக்கு ஓடினார். மறுநாள் மூன்றரை மணிக்குப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தார். பட்டம் வாங்கினார். எமிமாள் மேடம் அந்த வருடம் பேராசிரியர் ஆகவில்லை. அதற்குக் காரணம் இந்தப் பக்கந்தானா என்று அக்காவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் சேர்வதற்கு முன்பே அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

ஆய்வேட்டின் ஒரு பிரதி துறை நூலகத்தில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில், 'சின்னவர் பெரியவரின் வீட்டிலேயே குடியிருந்தார் என்பது ச. எமிமாள் கருத்து. அது பொருந்தாது' என்று அச்சாகியிருக்கிறது. கீழே அடிக்குறிப்பு இருக்கிறது. அதையும் சேர்த்து மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு.

பெரியவர் இறந்த வருடத்தையும் சின்னவர் அந்தக் கடைக்குள் போன வருடத்தையும் வேறு புத்தகங்களில் சரிபார்த்தேன். 1860, 1865. மேடம் சொன்னது சரி.

பிறகு, ஏன் என்று தெரியவில்லை, மேடத்தின் புத்தகத்தையும் எடுத்து அறுபத்தோராம் பக்கத்தைப் பார்த்தேன். நூலகப் பிரதிதான். ஓரத்தில் நீல மையில் ஒரு குறிப்பு இருந்தது. 'இல்லை. பலவேசம் சொல்வதே சரி.' கீழே ச.எ. என்று கையெழுத்து, தேதி.

அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நூலகப் புத்தகத்தில் பென்சில் கோடு போட்டாலே திட்டுகிறவர் அவர். இத்தனை வருடமாக அதை அவர் பார்த்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பழைய வரவுப் பதிவேட்டை எடுத்து விரித்தார். துறைக்கு வரும் ஆய்வேட்டு வரைவுகளை அவர்தான் அதில் பதிவு செய்வார். பலவேசத்தின் முதல் வரைவு வந்த தேதியைத் தேடி, விரலை வைத்துக் காட்டினார்.

வரைவு வந்தது மார்ச் நான்கு. குறிப்பில் இருந்த தேதி அதே வருடம் மார்ச் ஆறு. நடுவில் இரண்டு நாள்.